புகுந்த மண்ணில் வேர்விடுதல்: அமெரிக்கக் குடியேறிகள் தரும் படிப்பினை

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிறந்த மண்ணை விட்டு வேறு மண்ணில் வாழப் புகுந்தோர் அம்மண்ணோடு எவ்வளவு கலக்கலாம்? எவற்றை விடாது காத்தல் வேண்டும்? இவ்வினா புதியதன்று. உலகின் பல நாட்டாரும் சென்று குடியேறிய அமெரிக்காவில் இது முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகின்றது. அங்கே நீதிமன்றமும் பள்ளிக்கூடமும் தொழிற்சாலையும் கோயிலும் இவ்வினாவிற்கு வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. அவ்விடைகளை ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

இரண்டு பெயர்ப்பலகைகள்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தில், பெர்க்கிலி என்னும் பல்கலைக்கழக நகர் உள்ளது. அந்நகரின் முதன்மையான சாலை ஒன்றின் ஒரு பகுதிக்குக் ‘கலா பகாய் வே’ என்று பெயரிட 2020ஆம் ஆண்டில் நகரமன்றம் முடிவு செய்தது. கிழக்குக் கரையில் நியூயார்க் மாநகரின் குவீன்ஸ் வட்டாரத்தில் ஃபிளஷிங் என்னும் ஊர் இருக்கின்றது. அங்குள்ள பௌன் தெருவிற்குக் ‘கணேஷ் டெம்பிள் ஸ்டிரீட்’ என்னும் இணைப்பெயர் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சூட்டப்பட்டது.

ஒன்று இந்தியப் பெண்மணி ஒருவரின் பெயர். மற்றொன்று பிள்ளையார் கோயிலின் பெயர். இரண்டும் இன்று அமெரிக்கத் தெருக்களில் பெயர்ப்பலகைகளாக நிற்கின்றன. ஆயினும் அப்பலகைகள் அங்கு வந்து சேர்ந்த வழி நெடியது, கண்ணீரும் கலந்தது. அவ்வழியைத் தொடக்கத்திலிருந்து காணுதல் நலம்.

ஊரார் எழுதிய விண்ணப்பம்

இன்று கணபதி கோயில் நிற்கும் ஃபிளஷிங், 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரின் ஆட்சிக்கு உட்பட்ட சிற்றூராக இருந்தது. ஆளுநராக இருந்தவர் பீட்டர் ஸ்டைவசன்ட். தம் சபையைத் தவிரப் பிற சபைகள் தலையெடுத்தலை அவர் விரும்பவில்லை. குவேக்கர் என்னும் கிறித்துவப் பிரிவினர்க்கு வீட்டில் இடம் கொடுப்போர் தண்டனைக்கு உள்ளாவர் என்று ஆணை பிறப்பித்தார்.

1657ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் அவ்வூரார் 30 பேர் ஆளுநருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட்டனர். மனச்சான்றின் வழி வழிபடுவோரைத் தண்டித்தல் தங்களால் இயலாது என்றும், அன்பின் வழிப்பட்ட உரிமை யூதர்க்கும் துருக்கியர்க்கும் உரியது என்றும் அதில் எழுதினர். ‘ஃபிளஷிங் விண்ணப்பம்’ என்று வரலாறு அதனைப் போற்றுகின்றது. கையொப்பமிட்ட அம்முப்பது பேரில் ஒருவர்கூடக் குவேக்கர் அல்லர் என்பதே ஈண்டு ஊன்றிக் கருதத்தக்கது. தமக்கு வரக்கூடிய நன்மை எதுவும் இல்லாத நிலையில், பிறருடைய வழிபாட்டிற்காக அவர்கள் வாய் திறந்தனர். அவர்களுள் ஊர்க் கணக்கரும் காவல் அதிகாரியும் சிறை சென்றனர்.

ஐந்தாண்டுகள் கழித்து, 1662இல், ஜான் பௌன் என்பவர் தம் இல்லத்தில் குவேக்கர் கூடி வழிபட இடம் தந்தமைக்காகக் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவர் ஹாலந்து சென்று ஆட்சியின் மேலிடமாகிய டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடம் முறையிட்டார். 1663இல் கம்பெனி ஆளுநருக்கு அறிவுரை அனுப்பியது: குடிமக்களின் மனச்சான்றை நெருக்குதல் வேண்டா என்பதே அதன் சாரம். அந்த ஜான் பௌனின் பெயரைத்தான் பௌன் தெரு தாங்கி நிற்கின்றது. அவர் வாழ்ந்த இல்லமும் இன்றளவும் அங்கே பாதுகாக்கப்படுகின்றது.

மூசையும் மேளமும்

இந்த நல்ல தொடக்கத்திலிருந்து அமெரிக்கா நேர்வழியில் நடந்தது என்று கருதுதல் கூடாது. 1790ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ‘சுதந்திரமான வெள்ளையர்’ மட்டுமே குடியுரிமை பெறலாம் என்று வரையறுத்தது. 1882இல் சீனத் தொழிலாளர் நுழைதலைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்தோர்க்கு வாயில் திறந்திருந்த போதிலும், வந்தோர் பழையவற்றைக் களைந்துவிட்டுப் புதியராதல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு வலுத்தது.

இவ்வெதிர்பார்ப்புக்கு ஒரு பெயர் கிடைத்தது. இஸ்ரேல் சாங்வில் என்னும் ஆங்கில யூத எழுத்தாளரின் நாடகம் ஒன்று 1908இல் வாஷிங்டன் நகரில் அரங்கேறியது. அதிபர் தியோடர் ரூசவெல்ட்டும் அதனைக் கண்டு மகிழ்ந்தார். பொற்கொல்லர் பொன்னை உருக்கும் மண்குகையைத் தமிழில் மூசை என்பர். அத்தகைய மூசையே அமெரிக்கா. அங்கு எல்லா இனத்தாரும் உருகி ஒரே உலோகமாக வார்க்கப்படுவர் என்பது அந்நாடகத்தின் கருத்து.

அக்கருத்தைக் கண்கூடாக நடித்துக் காட்டியோரும் இருந்தனர். மோட்டார் வண்டித் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம், அயல்நாட்டுத் தொழிலாளர்க்கு ஆங்கிலம் கற்பிக்க ஒரு பள்ளி நடத்தி வந்தது. 1916ஆம் ஆண்டளவில் அப்பள்ளியின் நிறைவு விழாவில் மேடைமீது மாபெரும் கொப்பரை ஒன்று வைக்கப்பட்டது. தொழிலாளர் தத்தம் நாட்டு உடையில் மூட்டையும் கையுமாக அதனுள் இறங்கினர். பிறகு அனைவரும் ஒரே வகையான அமெரிக்க உடையில் கொடியேந்தி வெளியே வந்தனர். கூடியிருந்தோர் கைதட்டினர். உள்ளே விட்டுவந்த உடையோடு மொழியும் பாட்டும் போயினவா என்று அன்று கேட்டவர் சிலரே.

அச்சிலருள் ஒருவர் ஹொரேஸ் காலன் என்னும் மெய்யியல் அறிஞர். இவரும் குடியேறிய யூதக் குடும்பத்தவர். 1915இல் எழுதிய கட்டுரையில் இவர் வேறோர் உவமையைக் காட்டினார். நல்லதொரு நாடு இசைக்குழுவை ஒத்தது. ஒவ்வொரு கருவியும் தனக்குரிய ஒலியை இழவாமல் ஒரே இசையில் பங்கு கொள்கின்றது என்றார். கோயில் மேளம் கேட்டுப் பழகிய அன்பர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். நாகசுரம் தவிலாக மாற வேண்டியதில்லை. தவில் நாகசுரமாக மாற வேண்டியதில்லை. ஆயினும் இரண்டும் ஒரே தாளத்திற்குக் கட்டுப்பட்டால்தான் அது மேளமாகும். தாளம் என்பது நாட்டின் பொதுச் சட்டமும் பொதுமொழியும் பொது நன்மையும் ஆகும்.

ஒரே ஆண்டு, இரண்டு தீர்ப்புகள்

மூசைக் கொள்கைக்கும் மேளக் கொள்கைக்கும் இடையே நாடு எவ்வாறு தடுமாறியது என்பதை 1923ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டுகின்றது.

1917இல் அமெரிக்கா ஜெர்மனியோடு போரில் இறங்கியது. ஜெர்மானியர் அப்பொழுது அந்நாட்டின் மிகப் பெரிய குடியேற்றச் சமூகங்களுள் ஒன்றாக விளங்கினர். தங்களுக்கெனப் பள்ளிகளும் நாளேடுகளும் திருச்சபைகளும் வைத்திருந்தனர். போர் மூண்டதும் அவர்கள் ஐயத்திற்கு ஆளாயினர். பள்ளிகளில் ஜெர்மன் மொழிப்பாடம் நிறுத்தப்பட்டது. ஜெர்மானியர் உண்ணும் புளித்த முட்டைக்கோசுக்குக்கூடச் ‘சுதந்திர முட்டைக்கோசு’ என்று பெயர் மாற்றினர். 1918இல் அயோவா மாநில ஆளுநர் பொது இடத்திலும் தொலைபேசியிலும் வழிபாட்டிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று அறிவித்தார். இல்லினாய் மாநிலத்தில் ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் வெறிபிடித்த கும்பலால் தூக்கிலிடப்பட்டார்.

நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் ஒரு சட்டம் இயற்றியது. எட்டாம் வகுப்பை முடிக்காத பிள்ளைகட்கு அயல்மொழி கற்பித்தல் குற்றம் என்றது அச்சட்டம். 1920ஆம் ஆண்டு மே மாதத்தில் ராபர்ட் மேயர் என்னும் ஆசிரியர் திருச்சபைப் பள்ளியில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு விவிலியக் கதையை ஜெர்மன் மொழியில் படிப்பித்தார். அவருக்கு 25 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அவரோ வழக்கை உச்சநீதிமன்றம் வரை கொண்டு சென்றார். 1923 ஜூன் 4ஆம் நாள், நீதிபதிகளுள் எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பிள்ளைக்கு எதனைக் கற்பிப்பது என்று முடிவு செய்யும் உரிமை பெற்றோர்க்கும் உண்டு என்பது நிலைநாட்டப்பட்டது.

அதே நீதிமன்றம் அதே ஆண்டில், சற்றேறக்குறைய மூன்றரைத் திங்களுக்கு முன், பிப்ரவரி 19ஆம் நாள் வேறொரு தீர்ப்பினை வழங்கியிருந்தது. பகத் சிங் திண்ட் என்னும் பஞ்சாபியர் 1913இல் அமெரிக்கா சென்று, முதல் உலகப் போரின்போது அந்நாட்டுப் படையில் பணியாற்றியவர். அவர் குடியுரிமை கோரினார். வெள்ளையர்க்கே குடியுரிமை என்பது சட்டமாதலின், தாம் உயர்குலத்து ஆரியர், ஆதலின் வெள்ளையரே என்று வாதாடினார். பொதுமக்கள் வழக்கில் வெள்ளையர் என்னும் சொல் இந்தியரைக் குறிக்காது என்று நீதிமன்றம் ஒருமனதாகக் கூறிவிட்டது. முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் 60க்கும் மேற்பட்டோர் அதனை இழக்க நேர்ந்தது.

இதில் நுட்பமான ஒன்று உண்டு. திண்ட் அவர்களின் வாதம் அந்தச் சுவரைத் தகர்க்க முனையவில்லை. தம்மைச் சுவருக்கு உட்புறம் வைக்குமாறு கேட்டது. அன்றைய சட்டத்தில் அவருக்கு வேறு வழியும் இல்லை. ஆயினும், குலப்பெருமையைக் காட்டி உள்ளே நுழைய முயன்ற வாதம் தோற்றது. பிறர்க்காகப் பேசிய ஃபிளஷிங் ஊராரின் விண்ணப்பம் நிலைத்தது. இதனைச் சிந்தையில் இருத்துதல் தகும்.

பூட்டப்பட்ட வீடு

தீர்ப்பினால் நேர்ந்த துன்பத்தை ஒரு குடும்பத்தின் வாழ்வு உணர்த்தும். வைஷ்ணவ தாஸ் பகாய், அவர்தம் துணைவியார் கலா பகாய் ஆகிய இருவரும் 1915ஆம் ஆண்டில் மூன்று ஆண் மக்களோடு சான்பிரான்சிஸ்கோ வந்திறங்கினர். இவர்கள் பெஷாவரைச் சேர்ந்தவர்கள். வறுமையால் வந்தவர்கள் அல்லர். விடுதலை பெற்ற நாட்டில் மக்களை வளர்க்க விரும்பி வந்தவர்கள். பெர்க்கிலி நகரில் வீடு ஒன்றை வாங்கினர். பொருள்களோடு குடிபுகச் சென்ற நாளில், அயலார் அவ்வீட்டை அடைத்துப் பூட்டி, அவர்களை உள்ளே விடாது தடுத்தனர். தம் பிள்ளைகட்குத் தீங்கு நேரலாம் என்று அஞ்சிய குடும்பம் திரும்பிச் சென்றது.

வைஷ்ணவ தாஸ் சான்பிரான்சிஸ்கோவில் கடை வைத்தார். ஆங்கிலம் பேசினார், அமெரிக்க உடை உடுத்தார், 1921இல் குடியுரிமையும் பெற்றார். அக்காலத்தார் விரும்பியவாறே கலந்துவிட்ட மனிதர் அவர். 1923இன் தீர்ப்புக்குப் பிறகு குடியுரிமை பறிக்கப்பட்டது. கலிபோர்னியாவின் நிலச்சட்டம் குடியுரிமைக்குத் தகுதியற்றோர் சொத்து வைத்திருத்தலைத் தடுத்தமையால், கடையையும் உடைமையையும் இழந்தார். எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாத நிலையில், 1928இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தம் துயரத்தின் காரணத்தை நாளேடு ஒன்றுக்கு மடலாக எழுதி வைத்திருந்தார்.

கலா அம்மையார் மூன்று மக்களையும் வளர்த்துக் கல்லூரியில் படிக்க வைத்தார். பின்னாளில் தெற்குக் கலிபோர்னியாவில் புதிதாக வந்த இந்தியக் குடும்பங்களுக்கு உற்ற துணையாக விளங்கினார். எந்த ஊர் அவர் வீட்டைப் பூட்டியதோ அவ்வூரே நூறாண்டு கழித்துத் தன் சாலைக்கு அவர் பெயரைச் சூட்டியது. இது ஊரின் கழுவாய் எனலாம். ஆயினும் கணவர் திரும்பவில்லை.

வயலில் நின்றோர்

1893இல் சிகாகோ மாநாட்டில் விவேகானந்த அடிகளாரின் உரைக்கு அமெரிக்கர் ஆரவாரித்ததை அன்பர் அனைவரும் அறிவர். ஆயினும் 14 ஆண்டுகளுக்குள், 1907 செப்டம்பரில், வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்காம் நகரில் மரத்தொழிற்சாலைகளில் உழைத்த பஞ்சாபியத் தொழிலாளரை ஒரு கும்பல் அடித்து ஊரைவிட்டே துரத்தியது. அருளுரைக்குக் கிடைத்த வரவேற்பு அன்றாடக் கூலிக்குக் கிடைக்கவில்லை.

கலிபோர்னியாவின் வயல்களில் நிலைத்த பஞ்சாபியர் 1912இல் ஸ்டாக்டன் நகரில் குருத்துவாரா ஒன்றைத் தொடங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் ஆடவர். குடியேற்றச் சட்டங்கள் கடுமையானமையின் ஊரிலிருந்து மனைவியரை அழைத்து வர இயலவில்லை. வெள்ளை இனப் பெண்டிரை மணத்தலும் அன்று சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. ஆகவே பலர் மெக்சிகோ நாட்டுப் பெண்டிரை மணந்தனர். இம்பீரியல் பள்ளத்தாக்கிலும் அதைச் சூழ்ந்தும் இத்தகைய குடும்பங்கள் சில நூறு தோன்றின.

இக்குடும்பங்களின் பிள்ளைகள் தாயின் ஸ்பானிய மொழியைப் பேசினர்; கத்தோலிக்கராக வளர்ந்தனர்; கிறித்துவப் பெயரோடு சிங் என்னும் தந்தை பெயரையும் தாங்கினர். சமையலறையில் மெக்சிகோ உணவும் பஞ்சாபிக் குழம்பும் அடுத்தடுத்து வெந்தன. தந்தையின் மொழி மட்டும் வீட்டில் ஒலிக்கவில்லை. இதனைப் பழித்தல் முறையன்று. அவை அன்புமிக்க குடும்பங்கள். ஆயினும், வேரோடு வந்தவர்க்கு மண் மறுக்கப்பட்டால் என்ன எஞ்சும் என்பதற்கு அவை சான்றாகும்: பெயரும் உணவும் எஞ்சின, மொழியும் வழிபாடும் அடுத்த தலைமுறையைச் சேரவில்லை.

கதவு திறந்தது

1946ஆம் ஆண்டு ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம் இந்தியர்க்குக் குடியுரிமை பெறும் தகுதியை வழங்கியது. ஆண்டொன்றுக்கு நூறு இந்தியர் குடியேறலாம் என்றும் இடமளித்தது. எண்ணிக்கை சிறிது, எனினும் கதவு கதவுதான். 1949இல் குடியுரிமை பெற்ற தலிப் சிங் சௌந்த் என்னும் இம்பீரியல் பள்ளத்தாக்கு விவசாயி, 1956இல் அமெரிக்க நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசிய வழியினருள் அவ்வவைக்குத் தேர்வான முதல்வர் இவரே.

1965 அக்டோபர் 3ஆம் நாள், சுதந்திர தேவி சிலையின் அடிவாரத்தில் அதிபர் ஜான்சன் கையொப்பமிட்ட குடியேற்றச் சட்டம் நாட்டுவாரியான பழைய பாகுபாட்டை நீக்கியது. அதன்பின் மருத்துவரும் பொறியியலாரும் அறிவியலாரும் இந்தியாவிலிருந்து திரளாகச் சென்றனர். இவர்கள் குடும்பத்தோடு சென்றனர் என்பது முதன்மையான வேறுபாடு. குழந்தை பிறந்தவுடன் கோயில் எங்கே என்னும் கேள்வியும் பிறந்தது.

பௌன் தெருவில் பிள்ளையார்

செட்டிநாட்டில் பிறந்து ஐக்கிய நாடுகள் நிறுவனத்தில் அலுவல் பார்த்தவர் அழகப்பா அழகப்பன். இவரும் அன்பர் சிலரும் கூடி 1970ஆம் ஆண்டில் வட அமெரிக்க இந்து ஆலயச் சங்கத்தைப் பதிவு செய்தனர். 1972இல் பௌன் தெருவில் ரஷ்யக் கிறித்துவச் சபை ஒன்றின் கட்டடம் விற்பனைக்கு வந்தது. சங்கத்தார் அதனை வாங்கினர். இந்தியாவில் செதுக்கிய கருங்கற்கள் கடல் கடந்து வந்தன, சிற்பிகளும் வந்தனர். 1977 ஜூலை 4ஆம் நாள் மகா வல்லப கணபதிக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஜூலை 4 அமெரிக்காவின் விடுதலை நாள். தன் நாட்டுப் பிறந்தநாளில் ஊர் பட்டாசு வெடிக்க, அதே நாளில் பிள்ளையாரும் அங்கே குடியேறினார். அவ்வாண்டிலேயே பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரை அடுத்த குன்றில் வேங்கடேசப் பெருமாளும் எழுந்தருளினார்.

பௌன் தெருக் கோயில் எவ்வாறு வேரூன்றியது என்பதை ஆலயப் பணியில் ஈடுபட்டோர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆகமத்தில் அது தளரவில்லை. கருவறையும் அபிடேகமும் பூசையும் முறைப்படியே நிகழ்கின்றன. அமைப்பிலோ அந்நாட்டு முறையைத் தழுவிக்கொண்டது. பரம்பரை அறங்காவலர் என்பாரும் அரசு தேவத்தானமும் அங்கே இல்லை. சட்டப்படி பதிவு பெற்ற அறநிறுவனமும் அறங்காவலர் குழுவும் அன்பர்களின் நன்கொடையும் தொண்டுமே கோயிலைத் தாங்குகின்றன. வேலை நாளில் வரும் திருநாள்களின் சிறப்பு நிகழ்ச்சிகளை வார இறுதிக்கு மாற்றிக்கொள்வது அமெரிக்கக் கோயில்களில் இயல்பாகிவிட்டது. பிள்ளைகட்குச் சமய வகுப்பு நடைபெறுகின்றது. விளக்கம் ஆங்கிலத்தில் தரப்படுகின்றது. இந்தியாவில் ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி வேறுபட்டு நிற்கும் அன்பர் அங்கே ஒரே கூரையின்கீழ் கணபதியையும் முருகனையும் பெருமாளையும் அம்பிகையையும் வழிபடுகின்றனர். கோயிலின் அடித்தளத்து உணவகத்தில் தோசை உண்ண வருவோருள் பிற சமயத்தாரும் பலர். பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டித் தேர் ஃபிளஷிங் தெருக்களில் உலா வருகின்றது.

அக்கோயிலைச் சுற்றி நடந்துசெல்லும் தொலைவில் சுவாமிநாராயணர் மந்திரும் சீக்கியர் குருத்துவாராவும் யூதர் தொழுகைக்கூடமும் சீனர், கொரியர் திருச்சபைகளும் இருக்கின்றன. 1657இல் விண்ணப்பம் எழுதியோர் பெயரளவில் கேட்டிருந்த யூதரும், கேட்டேயிராத இந்துக்களும் அவர்களின் ஊரில் இன்று அண்டை வீட்டார்.

துன்பம் முற்றிலும் நீங்கிவிட்டதென்று கூறுதல் உண்மையாகாது. 1987இல் நியூஜெர்சி மாநிலத்து ஜெர்சி நகரில், பெண்டிர் அணியும் பொட்டை இகழும் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்ட கும்பல் ஒன்று இந்தியரைத் தாக்கியது. 2012 ஆகஸ்ட் 5ஆம் நாள், விஸ்கான்சின் மாநிலத்து ஓக் கிரீக் குருத்துவாராவில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து அன்று அறுவரைக் கொன்றான். அவர்களைக் காக்க முதலில் ஓடிவந்த வெள்ளை இனக் காவலர் ஒருவர் 15 குண்டுகள் பட்டும் உயிர் தப்பினார். பகையும் அயலிலிருந்து வந்தது. காப்பும் அயலிலிருந்தே வந்தது.

தீராத வினா

மெய்யன்பர்களே! இதுகாறும் கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். புகுந்த மண்ணில் வேர்விட மூன்று வேண்டும்: சட்டத்தின் இசைவு, அயலாரின் நல்லெண்ணம், தன் முயற்சி. பகாய் குடும்பத்தார் முயன்றனர். சட்டமும் அயலும் கைவிட்டன. பஞ்சாபிய உழவர்க்கு அயலாருள் சிலர் உறவாயினர். சட்டம் குடும்பத்தைத் தடுத்தது. பௌன் தெருவிலோ மூன்றும் ஒருங்கே வாய்த்தன.

ஆனால் ஜெர்மானியரின் கதை முடியவில்லை. 1923இல் நீதிமன்றம் அவர்கட்கு உரிமையைத் திருப்பித் தந்ததன்றோ? தந்தது. ஆயினும் ஜெர்மன் மொழிப் பள்ளிகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. போர்க்காலத்து அச்சத்தில் பெற்றோர் வீட்டிலும் அம்மொழியைப் பேசாது விட்டிருந்தனர். பிள்ளைகள் ஆங்கிலத்திற்குப் பழகிவிட்டனர். ஜெர்மானிய வழியினர் இன்றும் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் உள்ளனர். அவர்களுள் அம்மொழியை வீட்டில் பேசுவோர் மிகச் சிலரே. சட்டம் தடையை நீக்கலாம். ஆனால் தாயின் வாயிலிருந்து வர வேண்டிய சொல்லை எந்த நீதிமன்றத்தாலும் வரவழைத்தல் இயலாது.

குடியேறியவர் தாய்மொழியில் வாழ்கின்றார். அவர்தம் மக்கள் இரு மொழி அறிகின்றனர். பேரக்குழந்தைகள் ஆங்கிலம் மட்டுமே பேசுகின்றனர். அமெரிக்கக் குடியேற்றச் சமூகங்கள் பலவற்றில் ஆய்வாளர் கண்ட பொது நடைமுறை இது. அங்குள்ள தமிழர் இதற்கு விலக்காக வேண்டுமென்று உழைத்து வருகின்றனர். 1987இல் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை தோன்றியது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பெற்றோரே ஆசிரியராக நின்று கற்பிக்கின்றனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைவதற்கு வேண்டிய 60 இலட்சம் டாலர் நிதி உலகத் தமிழரின் கொடையால் 2018இல் நிறைவெய்தியது.

இவை பெருமைக்குரியன. ஆயினும் பல்கலைக்கழகத்தில் இருக்கை அமைவதும் வீட்டுக் கூடத்தில் பேச்சு நிலைப்பதும் ஒன்றாகா. கோபுரம் கல்லால் ஆனது, அது நிற்கும். அதன்கீழ் நின்று அருச்சனை செய்யும் பேரனுக்குத் தன் பாட்டியின் பேச்சு விளங்குமா என்பதே இனி எஞ்சிய வினா. இதற்குரிய விடை அமெரிக்காவில் இன்னும் எழுதப்பட்டு வருகின்றது.

கோயிலை நடுவே வைத்துக் குடி தழைத்த வரலாறு இம்மண்ணின் அன்பர்களுக்கும் சொந்தம். ஆதலின் பௌன் தெருவின் படிப்பினையை இரண்டு கடமைகளாகக் கொண்டு செல்லுதல் நலம். ஒன்று, பிறருடைய வழிபாட்டிற்கு இடையூறு நேரும்போது அந்த முப்பது பேரைப்போல முன்னே வருதல். அவர்கள் தமக்கெனக் கேட்டிருந்தால் தமக்கு மட்டுமே கிடைத்திருக்கும். பிறர்க்கெனக் கேட்டமையால், அவர்கள் கண்டறியாத பிள்ளையாருக்கும் இடம் கிடைத்தது. மற்றொன்று, பெற்ற உரிமையை வீட்டில் நாள்தோறும் பயன்படுத்துதல். ஆலயத்தில் பிள்ளைகளுக்கு வழிபாட்டின் பொருளை அவர்கள் அறிந்த மொழியில் விளக்குவதோடு, இல்லத்தில் அவர்களோடு தாய்மொழியிற் பேசுதல். நாட்டோடு கலந்து வாழ்தலுக்கு இவை தடையாகா. நாகசுரம் தன் ஒலியை இழந்துவிட்டால் மேளத்திற்கு அதனால் பயன் இல்லை.